அண்ணி போட்ட ஆற்றுக் கணக்கு

பாலம் விழுந்த அன்று நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலையில், காலை ஷிப்டில் இருந்தேன். ஆஸ்பத்திரி ஆற்றுக்கு வலது கரையில், என் வீடு இடது கரையில். நடுவே ஏழு கண் பாலம். பஸ்ஸில் உட்கார்ந்து டிக்கெட்டை மடித்து வைப்பதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும். அன்று ஆற்றில் பெரு வெள்ளம். பத்து மணிக்குப் பாலத்துக் காவல்காரர், கைப்பிடிச் சுவர் ஓர் இடத்தில் ஒரு சாண் விலகியிருப்பதைப் பார்த்திருக்கிறார். யாரையும் கேட்கவில்லை. இந்தப் பக்கத்துத் தடுப்புக் கட்டையை இறக்கினார், போன் பண்ணி அந்தப் பக்கமும் இறக்க வைத்தார். லாரிக்காரர்கள் வாயில் வந்தபடி திட்டினார்கள். அவர் கட்டைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நாற்பது நிமிஷம் கழித்து மூன்றாவது தூண் மெதுவாகச் சாய்ந்தது. அதன்மேல் இருந்த இரண்டு கண்ணும் தண்ணீருக்குள் போயின.

ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவசரப் பிரிவில் இருபது கட்டில் தயாராக வைத்திருந்தோம். சாயங்காலம் அவற்றைத் திரும்பத் தள்ளிக்கொண்டு போனபோதும் என் கண் போனிலேயே இருந்தது. என் வீட்டுக்காரரும் மகளும் அந்தக் கரையில். வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது, இரண்டு பேரும் மாடி வீட்டில் இருக்கிறோம், பயப்படாதே என்று அவர் போனில் சொன்ன பிறகுதான் ஒரு வாய் டீ இறங்கியது.

மூன்று நாள் என் அண்ணன் வீட்டில் தங்கினேன். அண்ணி நீரியல் பொறியாளர். பாலம் கட்டுகிற துறையில், ஆறு எவ்வளவு தண்ணீர் கொண்டுவரும், எந்த வேகத்தில் வரும், தூணின் அடிமண்ணை எவ்வளவு ஆழம் தோண்டும் என்று கணக்குப் போடுகிற பிரிவு அவளுடையது. யாராவது அண்ணனிடம், "வீட்டுல என்ன பண்றாங்க?" என்று கேட்டால், "அவ எப்பவும் தண்ணியிலதான் இருப்பா" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொல்வான். கேட்டவர் நெளிவதைப் பார்ப்பதில் அவனுக்கு ஒரு சந்தோஷம்.

வெள்ளம் வடிந்து படகு ஓடத் தொடங்கியதும் அண்ணி என்னோடு வந்தாள். கூட மாட ஒத்தாசைக்கு என்றுதான் நினைத்தேன். வீடு பார்க்கச் சகிக்கவில்லை. பீரோவின் இரண்டாவது தட்டு வரை சேறு. மகளின் புத்தகங்கள் எல்லாம் ஊறி உப்பி, இட்ட இடத்தில் ஒட்டிக் கிடந்தன. நான் வாளியையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு கூடத்துச் சுவரில் கை வைத்தேன்.

"அந்தச் சுவரை மட்டும் கழுவாத" என்றாள் அண்ணி.

எனக்குப் புரியவில்லை. அவள் பையிலிருந்து டேப்பையும், முக்காலியோடு ஒரு மட்டக் கருவியையும் எடுத்தாள். வெள்ளம் உச்சத்தில் நின்ற இடத்தில் சேறு ஒரு கோடு போட்டிருந்தது. ஸ்கேல் வைத்துக் கிழித்தது போல நேர்க்கோடு. அதன் உயரத்தை அளந்து எழுதிக்கொண்டாள். ஆற்றில் தண்ணீர் மட்டம் பார்க்கும் அளவுகோல் அந்த மூன்றாவது தூணில்தான் இருந்ததாம். தூணோடு அதுவும் போய்விட்டது. இந்த வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று சொல்ல இனி வீட்டுச் சுவர்கள்தான் சாட்சி என்றாள். அளந்து முடித்ததும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னோடு சேர்ந்து இரண்டு நாள் தரை தேய்த்தாள். அதையும் சொல்ல வேண்டும்.

அடுத்த பத்து நாளில் பாலத்துக்கு மேல்பக்கம், ஆறு வருகிற திசையில், முப்பத்தொரு வீடு, கீழ்பக்கம் இருபத்து நான்கு வீடு ஏறி இறங்கினாள். சைக்கிள் கடைக்காரர் அதற்குள் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார். ஞாபகத்திலிருந்து காட்டுங்கள் என்றதற்கு, முதலில் இடுப்பைக் காட்டினார், பிறகு நெஞ்சைக் காட்டினார், ஆள் கூடியதும் கழுத்துக்குப் போய்விட்டார். அண்ணி சிரிக்காமல் நன்றி சொல்லிவிட்டு அந்த வீட்டை நோட்டில் அடித்துவிட்டாள்.

கோடுகளையெல்லாம் வரைபடத்தில் வைத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. ஆறு சரிந்து ஓடுவதால் மேல்பக்கம் மட்டம் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். ஆனால் பாலம் இருந்த இடத்தில் மட்டும் ஒரே அடியாக எண்பது சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. பாலம் அணை மாதிரி தண்ணீரைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. மேல்பக்கம் எங்கள் தெரு மூழ்கியதற்கு அதுதான் காரணம். தேங்கிய தண்ணீர் ஏழு கண் வழியாக முட்டிக்கொண்டு பாய்ந்தபோது மூன்றாவது தூணின் அடிமண்ணை வாரிக்கொண்டு போயிருக்கிறது.

இதை அண்ணி அப்போது வீட்டில் சொன்னாள். அதற்கப்புறம் என்ன கண்டுபிடித்தாள் என்பதைச் சொல்லவில்லை. திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்டாள். தட்டில் போட்டது போட்டபடி இருந்தது. வேலைப் பளு என்று அண்ணன் சொன்னான்.

புதுப் பாலத்துக்கான வரைபடம் சீக்கிரமே தயாராகிவிட்டது. பாலப் பிரிவுத் தலைவரைப் பெரிய சார் என்பார்கள். எந்தப் பேச்சையும் தூணில் கொண்டுபோய் நிறுத்துகிறவர். அதே இடம், அதே நீளம், தூணுக்கு மட்டும் முன்னைவிட இரண்டு மடங்கு ஆழத்தில் அஸ்திவாரம், பதினான்கு மாதத்தில் முடித்துவிடலாம் என்பது அவர் திட்டம். எங்கள் கரையில் எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. பத்து நிமிஷத்தில் போன நான் படகு, நடை, ஆட்டோ என்று ஒன்றரை மணி நேரம் அல்லாடிக்கொண்டிருந்தேன். காற்றடித்தால் படகு கிடையாது. ஒரு பிரசவ கேஸைச் சுற்றுச் சாலையில் அறுபது கிலோமீட்டர் கொண்டுவந்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தது அவர்கள் அதிர்ஷ்டம்.

அப்போதுதான் செய்தி வந்தது, நீரியல் பிரிவு அம்மா ஒப்புதல் தராமல் இழுத்தடிக்கிறாள் என்று. படகில் என் காதுபடவே பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. எங்கள் பாடு உங்களுக்கு எப்படித் தெரியும், நீங்கள் இந்தக் கரையில் இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். அண்ணன் முறைத்தான். அண்ணி கோபப்படவில்லை. வரும் வியாழக்கிழமை ஆய்வுக் கொட்டகைக்கு வா, உங்கள் கரையிலிருந்து இன்னும் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வா என்றாள்.

பத்துப் பேரைச் சேர்ப்பது கஷ்டமாக இல்லை. சண்டை போட யார்தான் வரமாட்டார்கள். சைக்கிள் கடைக்காரர் வந்தார். என் மகளின் பள்ளித் தலைமையாசிரியை வந்தார். பாலத்துக் காவல்காரரும் வந்தார்.

கொட்டகை ஒரு பெரிய கிடங்கு. உள்ளே போனதும் எல்லோரும் கீழே குனிந்து பார்த்தோம். எங்கள் ஆறு அங்கே கிடந்தது. அறுபதில் ஒரு பங்காகச் சுருக்கி, மணலும் சிமெண்டும் கொண்டு ஆய்வுக்கூடத்து மேஸ்திரி மூன்று வாரத்தில் செய்திருந்தார். நான் இறங்கும் பஸ் நிறுத்தத்து வளைவு, படித்துறை, கரைமேல் ஏறும் சாலை எல்லாம் இருந்தன. என் வீடு இருக்க வேண்டிய இடத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு மரக்கட்டை. சைக்கிள் கடைக்காரர் தன் கடையைத் தேடிக் கண்டுபிடித்து, கொஞ்சம் சின்னதாகச் செய்துவிட்டதாகக் குறைப்பட்டுக்கொண்டார்.

நடுவே பெரிய சாரின் புதுப் பாலம் நின்றது. அண்ணி கையைக் காட்டினாள், மேஸ்திரி பம்பைத் திறந்தார். நொடிக்கு இருநூறு லிட்டர். அந்த அளவில் அதுதான் நம் வெள்ளம், நிஜத்தில் ஒரு நாள் ஓடியது இங்கே மூன்று மணி நேரத்தில் ஓடி முடியும் என்று விளக்கினாள். முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. தூண்களைச் சுற்றி மணல் குழி விழுந்தது, ஆனால் தூண் அசையவில்லை. பெரிய சார் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். நாங்களும் பதிலுக்கு ஆட்டினோம்.

பிறகு பாலத்துக்கு மேல்பக்கம் தண்ணீர் ஏறத் தொடங்கியது. என் தீப்பெட்டி வீடு பாதி மூழ்கியது. பாலத்தின் அடியில் போக இடமில்லாத தண்ணீர் இடது கரையோரம் சுழன்றது. பாலத்துக்கு ஏறும் மண்கரைச் சாலையின் அடியிலிருந்து மணல் பொசபொசவென்று கரைந்து போயிற்று. முதலில் ஒரு விரல் அகலம், அப்புறம் ஒரு கை. இரண்டாவது மணி நேரம் முடிவதற்குள் சாலையே இல்லை. பாலம் மட்டும் ஆற்றின் நடுவில், யாரோ விட்டுவிட்டுப் போன மேஜை மாதிரி நின்றுகொண்டிருந்தது.

"தூண் நிக்குது" என்றாள் அண்ணி. "பாலத்துக்குப் போகத்தான் வழி இல்ல."

மேஸ்திரி பம்பை நிறுத்தினார். இடது கரையில் பழைய கிளையாறு ஒன்று இருந்தது எங்களுக்கு நினைவிருக்கிறதா என்று அண்ணி கேட்டாள். எல்லோருக்கும் நினைவிருந்தது. சாதாரண நாளில் முழங்கால் தண்ணீர்தான் ஓடும். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் அதன் வாயை மண்கரை போட்டு அடைத்து, கரைமேல் சாலையை அகலப்படுத்தினார்கள். இப்போது அங்கே விளையாட்டு மைதானம். வெள்ளம் வந்தால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை அந்தக் கிளைதான் வாங்கிக்கொண்டிருந்தது, அதை அடைத்ததால் முழு வெள்ளமும் பாலத்தின்மேல் விழுந்தது என்றாள்.

"அதை அடைக்கச் சொன்ன புண்ணியவான் யாரு?" என்று கேட்டார் சைக்கிள் கடைக்காரர்.

பெரிய சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, அது அந்தக் காலத்தில் பலர் சேர்ந்து எடுத்த முடிவு என்று ஆரம்பித்தார்.

"நான்தான்" என்றாள் அண்ணி.

சைக்கிள் கடைக்காரர் பெரிய சார் பக்கமிருந்து அண்ணி பக்கம் திரும்பினார்.

"அப்ப எனக்கு இருபத்தாறு வயசு. நான் கையெழுத்துப் போட்ட முதல் கணக்கு அது. கையில இருந்த அளவெல்லாம் மழை குறைஞ்ச வருஷங்கள்ல எடுத்தது. அத வச்சுக்கிட்டு, கிளையாறு பத்துல ஒரு பங்குதான் சுமக்குது, அடைச்சா பாதகமில்லன்னு எழுதினேன். கரை ஓரத்து வீடுகள்ல ஒரு நாள் போய்க் கேட்டிருந்தாத் தெரிஞ்சிருக்கும். நான் போகல."

நான் என் தீப்பெட்டி வீட்டைப் பார்த்தேன். அதன்மேல் இன்னும் ஈரம். மகள் புத்தகங்களை வெயிலில் பிரித்துப் பிரித்து வைத்தது ஞாபகம் வந்தது. கோபம் வந்தது என்றால் பொய்யில்லை. அதே நேரத்தில் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் ஒரு நோயாளிக்கு மருந்தை மாற்றி ஏற்றிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. டாக்டரிடம் போய்ச் சொல்வதற்கு நான் நடந்த அந்த வராந்தா எவ்வளவு நீளம் என்று எனக்குத்தான் தெரியும்.

தலைமையாசிரியை மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். சுற்றி வளைக்கத் தெரியாதவர். "அப்ப இந்தக் கணக்கை மட்டும் நாங்க எப்படிம்மா நம்புறது?" என்று கேட்டார்.

"நம்ப வேண்டாம் டீச்சர். எல்லா அளவையும் வேற ஊர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருக்கேன். என் விடையச் சொல்லாம அனுப்பியிருக்கேன். அவங்க தனியாப் போட்டுப் பார்க்கட்டும். ரெண்டுல எது பாதுகாப்போ அதையே எடுத்துக்கலாம்."

பிறகு மேஸ்திரி கிளையாற்றின் வாயை அடைத்திருந்த மண்ணை வெட்டி எடுத்தார். அந்த இடத்தில் சாலையைத் தாங்க நான்கு கண் உள்ள சின்னப் பாலம் ஒன்றை வைத்தார். கரைந்துபோன கரையைத் திரும்பக் கட்ட ஒரு மணி நேரம் ஆயிற்று. டீ குடித்துவிட்டு வந்து நின்றோம். அதே இருநூறு லிட்டர். இந்தத் தடவை தண்ணீர் இரண்டாகப் பிரிந்து, சின்னப் பாலத்தின் அடியில் ஒரு பங்கு நழுவிப் போயிற்று. மேல்பக்கம் ஏறவில்லை. மூன்று மணி நேரமும் நின்று பார்த்தோம், சாலை அப்படியே இருந்தது. சைக்கிள் கடைக்காரர் குனிந்து தன் கடை வாசலைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது.

மைதானத்தை விட்டுக்கொடுக்க வேண்டும், கூடுதலாக ஐந்து மாதம் ஆகும் என்று அண்ணி சொன்னதும் மறுபடி சலசலப்பு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணியின் சொந்தக்காரி, தினமும் படகில் போகிறவள் நான்தான்.

"அஞ்சு மாசமும் படகுல வரேன் அண்ணி" என்றேன். "ஆனா அஞ்சுன்னு சொன்னா அஞ்சா இருக்கணும்."

மற்றதை அன்று சாயங்காலம் அண்ணன்தான் சொன்னான். அண்ணி கிளையாற்றின் பழைய கோப்பைத் தேடி எடுத்தபோது கடைசிப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் பார்த்தாளாம். மறுநாள் காலையிலேயே பெரிய சாரிடம் போய்க் காட்டியிருக்கிறாள். அவர் கதவைச் சாத்திவிட்டு, இது வேறு யாருக்காவது தெரியுமா என்று கேட்டாராம். எனக்குத் தெரியும் சார், அது போதாதா என்றிருக்கிறாள். அவர் கதவைத் திரும்பத் திறந்துவிட்டு, சரி, மாதிரி ஆற்றைக் கட்டு, என் பாலத்தையும் அதில் வைத்துப் பார் என்றாராம். தூண் மனுஷனாக இருந்தாலும் நல்ல மனுஷன்.

வெளியூர் ஆய்வுக்கூடத்தின் பதில் ஆறு வாரத்தில் வந்தது. அண்ணி சொன்னதுதான் சரி, ஆனால் சின்னப் பாலத்துக்கு நான்கு கண் பத்தாது, ஐந்து வேண்டும் என்றிருந்தார்கள். அண்ணி அந்தத் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, ஐந்தாகவே மாற்றச் சொன்னாள். துறை விசாரணை நடத்தியது. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், இரண்டு வருஷத்துக்குப் பதவி உயர்வு கிடையாது என்றார்கள். கம்மியாகத்தான் போட்டிருக்கிறார்கள் என்று அண்ணி சொன்னாள். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு இரண்டாம் தடவை சோறு கேட்டாளாம். அண்ணன் அதை எனக்குப் போன் பண்ணிச் சொன்னான்.

வேலை கோடையில் தொடங்கியது. ஆறு இளைத்திருந்த மாதங்களில் தூணுக்கான துளைகளை இறக்கினார்கள். எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பது அண்ணியின் எண். அதற்கு மேல் எழும்புவதெல்லாம் பெரிய சாரின் எண். இரண்டு பேரும் கரையில் நின்று தலைக்கவசத்தோடு வாதாடுவதைப் படகிலிருந்து தினமும் பார்ப்பேன். படகுக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டு, இன்று யார் ஜெயிக்கிறார்கள் என்று என்னைக் கேட்பார்.

சின்னப் பாலம்தான் முதலில் முடிந்தது. மைதானத்துக்கு வேறு இடம் கொடுத்த பிறகு, ஒரு காலை நேரத்தில் கிளையாற்றின் வாயில் இருந்த மண்கரையை இயந்திரம் வைத்து வெட்டினார்கள். எங்கள் தெருவே திரண்டு போயிருந்தது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் விரல் தடிமனில் உள்ளே வந்தது, காய்ந்த புல்லின் நுனியைத் தூக்கிக்கொண்டு, புழுதியை மேலே மிதக்க விட்டுக்கொண்டு, எந்தப் பக்கம் போகலாம் என்று யோசிப்பது போல நின்றது. அப்புறம் பள்ளம் தெரிந்துகொண்டு போகத் தொடங்கியது. தலைமையாசிரியை செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதற்குள் இறங்கி நின்றார். அவர் இறங்கியதும் எல்லோரும் இறங்கினோம். அண்ணி மட்டும் மேலே நின்று, நீரின் வேகம் பார்க்க மரத்தூள் தூவிக்கொண்டிருந்தாள். பத்து மீட்டர் போக எத்தனை நொடி என்று காவல்காரர் கடிகாரம் பார்த்துச் சொன்னார்.

பத்தொன்பது மாதம் முடிந்துதான் பாலம் திறந்தது. சொன்ன கெடுவுக்கு ஒன்பது நாள் தாமதம். அந்த ஒன்பது நாளை வைத்து அண்ணியை நான் இன்னும் கிண்டல் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அந்த வருஷமே பெருமழை. பாலம் விழுந்த வருஷத்தைவிடக் கூடுதலான தண்ணீர் வந்தது. எங்கள் தெருவில் பீரோவை மேலே ஏற்றாத வீடில்லை. என் வீட்டுக்காரர் மகளின் புத்தகங்களை மூட்டை கட்டி மாடி வீட்டில் கொடுத்துவிட்டார். மதியம் இரண்டு மணிக்கு வெள்ளம் உச்சத்துக்கு வந்தது. தண்ணீர் சாலை விளிம்பு வரை வந்து, வடிகாலில் எட்டிப் பார்த்துவிட்டு, படி ஏறாமல் நின்றது. நான் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் பாலத்தின்மேல் வந்தபோது, பயணிகள் எல்லோரும் ஒரு பக்க ஜன்னலில் சாய்ந்து கீழே பார்த்தார்கள். டிரைவர் வண்டியை நிறுத்தவில்லை.

அண்ணி மழைக்கோட்டோடு பாலத்தில்தான் இருந்தாள். மேல்பக்கத்துக்கும் கீழ்பக்கத்துக்கும் மட்ட வித்தியாசம், போன வெள்ளத்தில் எண்பது இருந்தது, இந்தத் தடவை பன்னிரண்டு சென்டிமீட்டர். ஒலி அனுப்பி ஆழம் பார்க்கும் கருவியைக் கயிற்றில் கட்டி இறக்கி, மூன்றாவது தூணின் அடியை அளந்தார்கள். தண்ணீர் மணலை அரித்த குழி அவள் கணக்குப் போட்டு விட்டிருந்த ஆழத்தில் பாதிதான் வந்திருந்தது. பெரிய சார் குடையைப் பிடித்துக்கொண்டு, பார்த்தீங்களா, தூணை அவ்வளவு ஆழம் இறக்கச் சொல்லி என் உயிரை வாங்கினீங்களே என்றாராம். இன்னும் பெரிய வெள்ளம் வரும் சார் என்றாளாம் இவள்.

இப்போது சனிக்கிழமைகளில் அண்ணியைப் பிடிக்க முடிவதில்லை. அந்தப் பழைய வருஷங்களில், அதே குறைமழைக்கால அளவுகளை வைத்து அவள் போட்ட கணக்குகள் இன்னும் பதினான்கு இருந்தன. யாரும் கேட்கவில்லை. அவளாகவே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கி, இரண்டு இளநிலைப் பொறியாளர்களை உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திரும்பப் போடுகிறாள். எல்லா ஊருக்கும் நேரில் போய்க் கரையோரத்து வீடுகளில் ஏறிக் கேட்டுவிட்டுத்தான் வருகிறாள். இதுவரை பார்த்த ஒன்பதில் ஏழு சரியாக இருந்தன. ஒன்றில் தூணைச் சுற்றிப் பாறாங்கல் கொட்டச் சொன்னாள். இன்னொன்றில், ஒரு சின்ன ஊருக்குப் பக்கத்தில், கரைச் சாலையின் அடியில் தண்ணீர் போக மூன்று கண் திறக்கச் சொன்னாள். மழைக்கு முந்தின வாரம் அதைத் திறந்தார்கள்.

அங்கே வெள்ளம் வந்து போனது. எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை, வருவதற்கு ஒன்றும் நடக்கவில்லை. நான் கேட்டதற்கு, அந்த ஊர்ப் பாலத்தில் மறுநாள் காலை பள்ளிக்கூடப் பிள்ளைகள் வழக்கம்போல் சைக்கிளில் போனதாக அங்கிருந்த பொறியாளர் போனில் சொன்னார் என்றாள். சொல்லிவிட்டுப் பத்தாவது கோப்பைப் பிரித்தாள்.